சிறுபான்மைப் பிள்ளையும் பள்ளிக்கூடமும்



சிறுபான்மை என்னும் சொல்லைத் தேர்தல் காலத்துப் பேச்சுகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலுமே நாம் அதிகமாகக் கேட்கிறோம். ஆனால் அச்சொல்லின் பொருளை முதன்முதலில் அனுபவித்து அறிவது, ஏழாம் வயதில் புத்தகப் பையோடு முதல் வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைதான். ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது, தன் பெயர் மற்றப் பெயர்களோடு சேராமல் தனித்து ஒலிப்பதை அது கவனித்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்வதில்லை. நாமும் கடைக் கணக்கில் மூழ்கியிருப்பதால் கேட்பதில்லை. ஆகவே இந்தப் பாடத்தை நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியதாகவே வைத்துக்கொள்வோம்.

நம் பகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் நிற்கும் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் செர்த்திங், பாலோங் முதலிய பெல்டா குடியேற்றங்கள். நடுவிலே ரயில் நிலையமும் கடைத்தெருவும். கடைத்தெருவில் பெரும்பாலும் சீனர் கடைகள். இடையிடையே நம்மவர் கடைகள். இக்கடைகளில் ஒன்றை நடத்துபவரின் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனாலும் அங்கே சிறுபான்மைதான். கெடிஸ் தோட்டத்துப் பள்ளி போன்ற தமிழ்ப் பள்ளிக்குப் போனால், தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியில் கடைக்காரர் பிள்ளை, இந்துப் பிள்ளைகளுக்கு மத்தியில் முஸ்லிம் பிள்ளை. தேசியப் பள்ளிக்குப் போனால் மார்க்கத்தால் பெரும்பான்மை, மொழியால் சிறுபான்மை. சீனப் பள்ளிக்குப் போனால் இரண்டாலும் சிறுபான்மை. இப்படி மூன்று வாசலிலும் வெவ்வேறு விதமாகச் சிறுபான்மையாகிற பிள்ளைகள் இந்நாட்டில் அதிகம் இல்லை.

பள்ளிக்கூடங்கள் ஏன் இவ்வாறு இனத்துக்கொன்றாகப் பிரிந்து நின்றன என்று பார்க்க வேண்டும். 1816-ம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு நடந்ததை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் தமிழ்ப் பள்ளி ஊர் ஊராகப் பரவியதற்குக் காரணம் ஆங்கிலேயரின் தமிழ்ப் பற்று அன்று. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் குடியிருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. விதித்தபடி வைத்தார்கள். எப்படி வைத்தார்கள் என்பதைப் பழைய தோட்டத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லயத்தின் கோடியில் ஒரு கொட்டகை. ஒரே கூரையின் கீழ் எல்லா வகுப்பும். பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அந்தப் பள்ளியில் படித்து முடித்தவன் அடுத்து எங்கே போவது என்று யாரும் கவலைப்படவில்லை. பால் மரம் வெட்டப் போவான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

மலாய்க்காரர்களுக்கு மட்டும் வெள்ளையர் தாராளம் காட்டினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மீனவன் மகன் தகப்பனைவிடக் கொஞ்சம் கெட்டிக்கார மீனவன் ஆனால் போதும், குடியானவன் மகன் கொஞ்சம் கெட்டிக்காரக் குடியானவன் ஆனால் போதும் என்ற கருத்தை 1920-ம் ஆண்டிலேயே தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அரசாங்க அறிக்கையில் எழுதி வைத்தார். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே, 1905-ல், பிரபுக்கள் வீட்டு மலாய்ப் பிள்ளைகளுக்கென்று கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி ஏற்பட்டாயிற்று. ஆக, இனத்துக்கு ஒரு பள்ளி என்பது வெளிக்கோடு. அதற்குள் வகுப்புக்கு ஒரு பள்ளி என்னும் உட்கோடும் இருந்தது. இந்த உட்கோட்டை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அக்காலத்தில் மேலே ஏற இருந்த ஒரே ஏணி ஆங்கிலப் பள்ளி. அது செரம்பானிலும் கோலாப்பிலாவிலும் இருந்தது; சம்பளம் கட்ட வேண்டும்; போக வர வசதி வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. பட்டணத்தில் கடை வைத்திருந்த நம்மவருக்கு இரண்டும் ஓரளவு இருந்தது. ஆனாலும் நம்மவர் அதை அவ்வளவாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு நியாயமும் இருந்தது. நம்மவரில் பெரும்பாலோர் தனி ஆளாக வந்தவர்கள். மனைவி மக்கள் ஊரிலே இருந்தார்கள். மகன் வளர்ந்ததும் கப்பலேற்றி அழைத்துவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். 1953-ம் ஆண்டு ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்து, நினைத்தபோது வந்து போவது கடினமான பிறகுதான் குடும்பத்தோடு இங்கேயே தங்குவது பெருகியது. நம் பிள்ளைகள் இங்கே எந்தப் பள்ளியில் படிப்பது என்ற கேள்வி நமக்குத் தாமதமாகவே வந்தது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் தாமதம். பருவமடைந்ததும் படிப்பை நிறுத்துவதுதான் மரியாதை என்று வெகுகாலம் இருந்தோம்.

நாம் கேள்வி கேட்கத் தொடங்கிய அதே சமயத்தில் அரசாங்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. 1951-ம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகள் காலப்போக்கில் மறைந்து மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளி ஒன்றே நிலைக்க வேண்டும் என்றது. சீனர்கள் கொதித்தார்கள், தமிழர்களும் எதிர்த்தார்கள். 1956-ம் ஆண்டின் ரசாக் அறிக்கை, தமிழ், சீன ஆரம்பப் பள்ளிகளை வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம் என்று நடுவழி கண்டது. 1961-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தக்க சமயம் என்று அமைச்சர் கருதினால் ஒரு தமிழ்ப் பள்ளியையோ சீனப் பள்ளியையோ தேசியப் பள்ளியாக மாற்றிவிடலாம் என்று இடம் கொடுத்தது. அந்தப் பிரிவு 1996-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் இல்லாமற் போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் அது தலைக்குமேல் தொங்கியது.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை நேரே படிவம் ஒன்றுக்குப் போக முடியாமல், புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுப் போகும் முறை வெகுகாலம் நடந்தது. ஓராண்டு என்பது வசதியுள்ள வீட்டுக்கு ஓராண்டுதான். அன்றாடம் கூலி வாங்கும் வீட்டுக்கோ, படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்க அது ஒரு சந்தர்ப்பம். பல வீடுகள் யோசித்தன. பல பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டன. பதினைந்து வயதில் பட்டணத்துக் கடைகளுக்கு வேலை கேட்டு வந்த தோட்டத்துப் பையன்களில் எத்தனை பேர் அப்படி நின்றவர்கள் என்பது கடைக்காரர்களாகிய நமக்குத்தான் தெரியும்.

பின்னர் 1969-ம் ஆண்டு மே மாதக் கலவரம். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஒவ்வொரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1971-ல் அரசியலமைப்பின் 153-வது விதியில் 8ஏ என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டு, உயர்கல்வி நிலையங்களில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் இடம் ஒதுக்க வழி ஏற்பட்டது. மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் மற்ற இனத்தவருக்கு 100-க்கு 10 இடம் 2002-ம் ஆண்டு வாக்கில்தான் திறக்கப்பட்டது. 2019-ல் மொத்த இடத்தை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தியபோதும் 90-க்கு 10 என்ற விகிதத்தை அப்படியே வைத்தார்கள். 2024-ம் ஆண்டு ஜூன் முடிவில், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார்.

ஒதுக்கீட்டைக் குறைகூறுவது நம்மிடையே சுலபமான பேச்சு. ஆனால் நம் பூர்வீக ஊரிலே நாம் பேசுவது வேறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவில், 14 இடத்துக்கு 1 இடம் முஸ்லிம்களுக்கு இருந்தது. 1951-ல் சண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றதும், தமிழ்நாடே கிளர்ந்தெழுந்து, இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தமே வந்தது. 2007-ல் தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைத்தபோது நம் உறவினர் மகிழ்ந்தார்கள். அங்கே நியாயம், இங்கே அநியாயம் என்று சொல்வதற்குமுன் சற்று நிதானிக்க வேண்டும். இங்கே சரியான கேள்வி வேறு. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை எந்த இனமானாலும், அதன் வறுமையைக் கணக்கில் எடுக்கும் விண்ணப்பப் படிவம் எது? இனத்தைக் கேட்கும் கட்டம் எல்லாப் படிவத்திலும் இருக்கிறது.

அந்தக் கட்டத்தில் நம்மவர் என்ன எழுதுகிறார்கள்? இது எல்லாரும் அறிந்தும் பேசாத சங்கதி. ஒரே குடும்பத்தில் அண்ணன் பிள்ளைகள் இந்தியர் என்றும், தம்பி பிள்ளைகள் மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருப்பதைப் பார்க்கிறோம். அரசியலமைப்பின் 160-வது விதி மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய்ப் பழக்கவழக்கங்களை அனுசரிக்க வேண்டும், அத்துடன் சுதந்திர தினத்துக்கு முன் இந்நாட்டிலோ சிங்கப்பூரிலோ பிறப்பு, வாசம் பற்றிய நிபந்தனையும், அப்படிப்பட்டவரின் வழித்தோன்றல் என்பதும் உண்டு. இதில் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே முஸ்லிம் என்பதனால் மட்டும் ஒருவர் மலாய்க்காரர் ஆகிவிடுவதில்லை. முன்னோர் தமிழர் என்பதனால் மட்டும் ஆகாமற் போவதுமில்லை. வீட்டிலே என்ன மொழி பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் நிற்கிறது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, படிவத்தில் வேறு எழுதினால், பெற்றோருக்கு அது ஒரு நிமிஷக் கையெழுத்து. பிள்ளைக்கோ அது பன்னிரண்டு ஆண்டுப் பள்ளி வாழ்க்கை. யாராவது கேட்டால் தாய்மொழியை ஒளிக்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்கிறது. ஒரு கல்லூரி இடத்துக்காக இந்த விலை கொடுக்கலாமா என்பதை அவரவர் யோசிக்கட்டும். கொடுக்கலாகாது என்பது இந்தக் கட்டுரையாளனின் கருத்து.

இனி, தேசியப் பள்ளியில் நம் பிள்ளையின் ஒரு வாரத்தைப் பார்ப்போம். மணி அடிக்கிறது. முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்வி வகுப்புக்கு. மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்கு. 1983-ல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. நம் பிள்ளை, கூடப் பேசிக்கொண்டிருந்த தமிழ்த் தோழனை விட்டுவிட்டு மலாய்ப் பிள்ளைகளோடு நடக்கிறது. அங்கே பாடம் ஜாவி எழுத்தில். வீட்டில் ஓதப் பழகிய பிள்ளைக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. (நம் முன்னோர் அரபுத் தமிழில் தமிழையே அந்த எழுத்தில் எழுதினார்கள் என்பதை யாராவது அதற்குச் சொல்லியிருந்தால், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.) மறுநாள் தமிழ் வகுப்புக்கு மணி அடிக்கிறது. இப்போது மலாய்த் தோழனை விட்டுவிட்டு, இந்துப் பிள்ளைகளோடு நடக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் நடக்கிற பிள்ளை வகுப்பில் அது ஒன்றுதான். இடைவேளையில் எந்த மேசையில் உட்காருவது என்று அது தினமும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 'நீ மலாயா, தமிழா?' என்று இரண்டு மேசையிலும் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பிள்ளைகள் அப்படித்தான் கேட்கும். ஆனால் பதில் சொல்லிக் கொடுக்காமல் அனுப்புகிறோமே, அது நம் பொறுப்பு.

பட்டப் பெயர்களும் உண்டு. 'மாமாக்' என்பது நம் 'மாமா'விலிருந்து வந்த சொல். வாஞ்சையாகவும் சொல்லலாம், ஏளனமாகவும் சொல்லலாம். 'கெலிங்' கலிங்கத்திலிருந்து வந்தது. பினாங்குப் பள்ளிவாசலின் பெயரிலே மதிப்போடு நிற்கிற சொல், பள்ளி மைதானத்தில் ஏச்சாகிறது. தமிழ்ப் பள்ளிக்குள்ளும் எல்லாம் நேர்த்தி என்று சொல்லமாட்டேன். அங்கேயும் நம் பிள்ளையைத் 'துலுக்கன்' என்று கூப்பிடும் வாய்கள் உண்டு. காலைப் பிரார்த்தனையின்போது என்ன செய்வது என்று தெரியாமல் அது விழிப்பதும் உண்டு. அரசியலமைப்பின் 12-வது விதி, தன் மதமல்லாத வேறு மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. இதைத் தலைமையாசிரியரிடம் சண்டையாக எடுத்துப் போக வேண்டியதில்லை. முதல் நாளே நேரில் போய்ச் சொல்லி வைத்தால், பெரும்பாலான ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள்.

இனமும் வகுப்பும் ஜாதியும் ஒன்றாகப் பள்ளிக்குள் நுழைந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அப்துல்லா ஹுசைன் எழுதி 1971-ல் வெளிவந்த 'இன்டர்லோக்' நாவலை 2011-ம் ஆண்டில் ஐந்தாம் படிவத்துக்கு மலாய் இலக்கியப் பாடமாக வைத்தார்கள். தோட்டத்துக்கு வந்த தமிழர்களை ஒரு ஜாதியின் பெயரால் அதில் குறித்திருந்ததை இந்தியச் சமுதாயம் எதிர்த்தது. திருத்தம் செய்கிறோம் என்று குழு அமைத்தார்கள். அவ்வாண்டு முடிவில் நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அப்போது நம்மவரில் சிலர், 'அது தோட்டத்து ஆட்கள் பிரச்சினை, நமக்கென்ன?' என்றார்கள். வகுப்பறையில் அந்தப் பக்கத்தை ஆசிரியர் உரக்கப் படிக்கும்போது, நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பது கறுத்த முகங்களைத்தான். அந்த முகம் முஸ்லிம் முகமா, இந்து முகமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இத்தகைய பார்வை பிள்ளையின் மனத்தில் என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற நீக்ரோத் தம்பதியர் பொம்மைகளைக் கொண்டு ஆராய்ந்தனர். வெள்ளைப் பொம்மை, கறுப்புப் பொம்மை இரண்டையும் காட்டி எது நல்லது என்று கேட்டபோது, கறுப்புப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். அப்பிள்ளைகளுக்கு வயது மூன்று முதல் ஏழு வரைதான். பள்ளிகளில் நிறத்தால் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-ம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வாராய்ச்சியும் எடுத்துக் காட்டப்பட்டது. ஆகவே, 'பெரியவனானால் மறந்துவிடுவான்' என்று நாம் சொல்வது சரியன்று. பள்ளிக்குப் போகுமுன்பே பாடம் தொடங்கிவிடுகிறது.

இன்னொரு பக்கத்தையும் வியாபாரிகளாகிய நாம் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளையின் முன்னால் நம் பிள்ளை சிறுபான்மை அன்று. முதலாளி வீட்டுப் பிள்ளை. அதன் தகப்பனார் பெயர் நம் பற்று வரவுப் புத்தகத்தில் இருக்கிறது. சம்பள நாளில் பாக்கியைக் கேட்கும்போது நம் குரல் எப்படி இருக்கிறது என்பதை, பக்கத்தில் நிற்கும் இரண்டு பிள்ளைகளும் கேட்கின்றன. மறுநாள் அவை ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. மலாய்க்காரர் நம்மை இனத்தால் தள்ளுகிறார் என்று வருந்துகிற நாம், தொழிலாளியை வகுப்பால் தள்ளுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தோட்டப் பள்ளிகளின் கதி வேறு. சுதந்திரம் பெற்றபோது எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று சுமார் 530. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்கள், வீடமைப்புக்குப் போன தோட்டங்கள், ஆட்கள் குறைந்த தோட்டங்கள் எல்லாவற்றோடும் பள்ளிகளும் போயின. முதலாளி கையில் பள்ளியைக் கொடுத்த 1923-ம் ஆண்டின் பலன் இது. நிலம் கம்பெனியுடையதாக இருப்பதால் பல பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளே. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, கூரை ஒழுகினால் பெற்றோர்தான் வசூல் செய்ய வேண்டும். அந்த வசூல் நோட்டு கடைத்தெருவுக்கு வரும்போது, நம் பிள்ளை அங்கே படிக்கவில்லையே என்று சொல்லி அனுப்பாதவர்கள் நம்மில் உண்டு. அவர்களை இங்கே மனமாரப் பாராட்டுகிறேன்.

நம்மவர் பள்ளிக்கூடம் நடத்தாதவர்களும் அல்லர். சிங்கப்பூரில் 1941-ல் அமைந்த கடையநல்லூர் முஸ்லிம் லீக், யுத்தம் முடிந்த மறு ஆண்டே, 1946-ல், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி தொடங்கியது. தொழிலாளரும் சிறு வியாபாரிகளுமாகிய ஓர் ஊர்க்காரர்கள் சேர்த்த பணம் அது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, தமிழிலேயே மேல்வகுப்பு படிக்க இடம் கொடுத்தது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குத் திரும்பிவிட்டதால் 1982-ல் மூடப்பட்டது. மறு ஆண்டு முதல் அரசாங்கத்தின் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தில் அப்பெயர் நீடிக்கிறது. தமிழ்நாட்டில் தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபும், திருச்சி காஜாமியான் ராவுத்தரும் முன்னின்றதால் 1951-ல் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அங்கே சிறுபான்மையினர் கல்வி நிலையம் நிறுவி நடத்த அரசியலமைப்பின் 30-வது விதி உரிமை தருகிறது. பகாவில் கல்லூரி கட்ட நம்மால் ஆகாது. ஆனால் இந்நாட்டுச் சட்டம் நமக்கு இரண்டு எண்களைக் கொடுத்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தக் கல்லும் சிமெண்டும் தேவையில்லை.

முதலாவது எண் 5. ஒரு பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் 5 பேர் இருந்தால், மாநில அதிகாரிகள் அங்கீகரித்த ஆசிரியரைக் கொண்டு வாரத்துக்கு 2 மணி நேரமாவது அவர்களுக்கு மார்க்கக் கல்வி கொடுக்க வேண்டும் என்று 1996-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 50-வது பிரிவு சொல்கிறது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இது 15 பேராக இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் மார்க்கப் படிப்பு போய்விடும் என்று அஞ்சுகிற பெற்றோர் இதை அறிய வேண்டும். தனித்தனியே நான்கு பள்ளிகளில் சிதறியிருக்கும் ஆறு பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவால் பயன் இல்லை. ஒரே தமிழ்ப் பள்ளியில் ஐவர் இருந்தால் உண்டு.

இரண்டாவது எண் 15. தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. கேட்டால் என்பதைக் கவனியுங்கள். கேட்காத இடத்தில் தலைமையாசிரியர் தாமாக வகுப்பு வைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். நம் பிள்ளைகள் மட்டும் 15 பேர் ஒரு பள்ளியில் தேற மாட்டார்கள். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் இந்துப் பிள்ளைகளின் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் வர அவர்களுக்கு ஆகாது. சாமான் வாங்க மாலையில் நம் கடைக்கு வருகிறார்கள். வெள்ளைத் தாளில் பிள்ளையின் பெயர், வகுப்பு, தகப்பனார் அல்லது தாயார் பெயர், அடையாளக் கார்டு எண், கையெழுத்து என்று ஐந்து கோடு இழுத்துக் கல்லா மேசையில் வைத்தால், ஒரு சம்பள வாரத்தில் 15 பெயர் சேர்ந்துவிடும். தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.